மெடிக்கல் பாஸ்

பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை பக்கம் வளைகுடாவுக்குக் கிளம்பும் பையனைப் பார்த்தால் நாலு பேர் கேட்பது இதைத்தான்: "மெடிக்கல் பாஸாயிட்டியாப்பா?" அந்த மெடிக்கலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் அடக்கம். 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் ஊரில் காரணம் சொல்லமாட்டார்கள். "நெஞ்சுல சளியாம்" என்று முடித்துக்கொள்வார்கள்.

நம் டெல்டாவில் இந்தப் பரிசோதனைக்குத் தானாகப் போகிறவர் அபூர்வம். வெளிநாடு போகிறவனுக்கு விசா கேட்கிறது. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அளவோடு இதையும் பார்த்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறதே. புருஷன்காரர் வெளியே வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். "நீங்களும் ஒரு தடவை பார்த்துக்குங்க" என்று நர்ஸம்மா கூப்பிட்டால், "எனக்கென்னங்க?" என்பார். விசாவுக்காக, பிள்ளைக்காக. தனக்காக மட்டும் கிடையாது.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றிய செய்தி மறந்திருக்காது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது, ஆனால் அவர் காதுக்கு எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. பதறிப்போய் ரத்த வங்கிக்குச் சொன்னவரும் அவர்தான். சோதித்தது ரத்தப் பையை, அவரையல்ல.

'எனக்கென்ன' என்ற இந்த நினைப்புக்கு ஒரு பழைய வேரும் உண்டு. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. பெரிய காரியம். ஆனால் 'அது அவங்க வியாதி' என்ற எண்ணத்தை ஊர் இன்னும் கீழே இறக்கிவைக்கவில்லை. வியாதியோ எட்டுப் பத்து வருஷம் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கக்கூடியது.

அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மைய'த்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஆலோசகர் பேசி, சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுப்பார். முடிவு வெளியே போகக்கூடாது என்பது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். தொற்று இருந்தால் மாத்திரையும் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆயுசுக்கும் குறையில்லை. இல்லை என்று வந்து, சமீபத்தில் சந்தேகத்துக்கு இடமிருந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அதற்கும் காசு கிடையாது.