புரோக்கரோடு முதலில் பேச வேண்டியது



குமருக்கு வளவு வாங்கவென்று வெளிநாட்டில் பத்து வருஷம் உழைக்கிறோம். வளவு காட்ட வரும் புரோக்கரிடம் "உங்கட கொமிஷன் எவ்வளவு, யாரிடம் எடுப்பீங்க?" என்று கேட்க வெட்கப்படுகிறோம். நம்மட ஆள்தானே!

நூற்றுக்கு இவ்வளவு என்று பேசினால், விலை ஏற ஏற அவருடைய கொமிஷனும் ஏறும். பிறகு எப்படி நமக்காக விலை குறைத்துப் பேசுவார்? விற்கிறவரிடமும் வாங்கினால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒரு தொகையாகப் பேசி முடியுங்கள். உறுதி எழுதி ஒப்பம் வைக்கும் அன்றுதான் தருவோம் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

அட்வான்ஸை அவர் கையில் கொடுக்கவே வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைகூட நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டு, காணி இன்னொருவருக்குக் கைமாறிய பிறகு பள்ளிவாசலில் போய் முறையிடுவதுதான் மிச்சம்.

குர்ஆனிலேயே நீளமான வசனம், கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். ஆனால் நம்மூரில் எழுதித் தரச் சொன்னால், ஆளைச் சந்தேகப்படுகிறோம் என்கிறார்கள்.