கர்ப்பப்பையில் 'நல்ல பாக்டீரியா' டெஸ்ட்... காசு கட்டும் முன் இதைப் படிங்க!

மம்சாபுரத்தில் ஒரு தம்பதிக்குக் குழந்தை தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்களைப் பார்த்தாச்சு. அடுத்து ஐ.வி.எஃப் என்றால் பெரும்பாலும் மதுரைக்குத்தான் பஸ் ஏறணும். நகையை அடகு வைத்துச் செய்த முதல் முயற்சியில் கரு ஒட்டவில்லை. இரண்டாவது முயற்சிக்கு முன் பில்லில் ஒரு புது வரி சேரலாம்: மைக்ரோபயோம் டெஸ்ட். அதாவது, கர்ப்பப்பையில் நல்ல பாக்டீரியா போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை.

இது தேவையா?

பாக்டீரியாவுக்கு அங்கே என்ன வேலை?

பெண்ணின் பிறப்புறுப்பில் பாக்டீரியா இருப்பது அழுக்கும் அல்ல, நோயும் அல்ல. லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, கெட்ட கிருமிகள் பெருகாமல் காவல் காக்கிறது. ஜெர்மனி மருத்துவர் டோடர்லைன் இதை 1892-லேயே விவரித்துவிட்டார்.

பரபரப்பு தொடங்கியது 2016-ல். ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஐ.வி.எஃப் சிகிச்சையில் இருந்த 35 பெண்களின் கர்ப்பப்பைத் திரவத்தைச் சோதித்தார்கள். லாக்டோபேசில்லஸ் 90 சதவிகிதத்துக்கு மேல் இருந்தவர்களில் 58.8 சதவிகிதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. மற்றவர்களில் வெறும் 6.7 சதவிகிதம். யாரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் வித்தியாசம்தான். ஆனால், மொத்தமே 35 பேர் என்பதை மறந்துவிடக் கூடாது.

மருந்து கொடுத்தால் மாறுமா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டென்மார்க்கில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பிறப்புறுப்பில் பாக்டீரியா சமநிலை குலைந்திருந்த 338 ஐ.வி.எஃப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக், இன்னொன்றுக்கு ஆன்டிபயாடிக்கோடு நல்ல பாக்டீரியா, மூன்றாவதுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது. கர்ப்பம் தரித்த விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை!

நல்ல பாக்டீரியா குறைவாக இருப்பதும் கரு ஒட்டாததும் ஒன்றாகத் தென்படலாம். அதனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றும் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. 2011-ல் அமெரிக்காவில் எந்த நோய் அறிகுறியும் இல்லாத 396 பெண்களைப் பரிசோதித்தபோது, சுமார் நான்கில் ஒருவருக்கு லாக்டோபேசில்லஸ் ஆதிக்கமே இல்லை. இன்னொரு சிக்கல், கர்ப்பப்பையில் பாக்டீரியா மிகக் குறைவு. சாம்பிள் எடுக்கும் குழாய் பிறப்புறுப்பு வழியாகத்தான் போக வேண்டும். அங்குள்ள பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வந்தால் ரிசல்ட்டே குழம்பிவிடும்.

அப்போ என்ன செய்யலாம்?

நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா? அரிப்பு, எரிச்சல் இருக்கிறதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சாதாரண ஸ்லைடு டெஸ்ட்டிலேயே பாக்டீரியா தொற்றைக் கண்டுபிடிக்கலாம், சிகிச்சையும் உண்டு. பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு, வாசனை லிக்விட் ஊற்றிக் கழுவ வேண்டாம். காவல் காக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே போய்விடும். தயிர் உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிர் பாக்டீரியா வேறு, அங்கே வேலை செய்யும் பாக்டீரியா வேறு.

நம் நாட்டில் கர்ப்பப்பை காசநோயும் குழந்தையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம். அதைப் பார்த்தாச்சா என்று கேளுங்கள். கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிந்ததா என்றும் கேளுங்கள். எல்லாப் பழியையும் பெண்ணின் கர்ப்பப்பை மேல் போடும் பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. 'உன் உடம்பில் நல்ல பாக்டீரியாகூட இல்லை' என்று அதற்குப் புதுப் பெயர் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு எல்லாவற்றையும் உங்களுக்கு விளக்குவது மருத்துவமனையின் கடமை. எனவே புது டெஸ்ட் எழுதிக்கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள்: "இதன் ரிசல்ட்டைப் பார்த்து என் சிகிச்சையில் எதை மாற்றுவீங்க? அப்படி மாற்றினால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும்னு எந்த ஆய்வு சொல்லுது?"

தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். வராவிட்டால், அந்தப் பணம் உங்கள் அடுத்த முயற்சிக்கு உதவட்டும்.