மருமகன் கேட்ட ஏழு லட்சம்

போன ஞாயிற்றுக்கிழமை. திருப்பதி வெயில் ஏறுவதற்குள் காய்கறி வாங்கிவிடலாம் என்று பையோடு கிளம்பியவனை, துபாயிலிருந்து அக்கா மகன் போனில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஏழு லட்சம் வேணும். பேங்க் லோன் எல்லாம் வேண்டாம், நீங்களே தாங்க. ரெண்டு வருஷத்துல அடைச்சிருதேன்."

கல்யாணமாக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டு அட்வான்ஸ் என்று நினைத்தேன். ரெண்டும் இல்லை. ரீபிரீதர் வாங்கணுமாம். "அது என்னல?" என்றேன். கடலுக்கு அடியில் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிற மெஷினாம்!

நான் தூத்துக்குடிக்காரன். பதினோரு வருஷமாகச் சித்தூர், திருப்பதி என்று தெலுங்கு பேசி, கடன் மனு பார்த்துப் பிழைப்பு ஓடுகிறது. சரி, இதையும் ஒரு கடன் மனுவாகவே பார்ப்போமே என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் உண்மையிலேயே அழகானது. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடும்போதும் அதில் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கிறது. சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் அந்த மிச்சம் அப்படியே குமிழியாகக் கடலுக்குத் தானம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாலு மடங்கு, சிலிண்டரும் நாலு மடங்கு வேகத்தில் காலி. ரீபிரீதரோ, விட்ட மூச்சைப் பிடித்து, சோடா லைம் வழியாக அனுப்பி, கரியமில வாயுவை எடுத்துவிட்டு, செலவான ஆக்சிஜனை மட்டும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் மெஷினிலும் இதே சோடா லைம்தான். குமிழி இல்லாததால் மீனும் மிரளாது. ஒரு பைசா வீணாகாத கணக்கு. பி.காம். படித்தவனுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் மெஷின் விலை என்பது முதல் வவுச்சர் மட்டும்தான். புதுசு 6,000 முதல் 10,000 டாலர், அதற்கு மேலும் உண்டு. அவன் கேட்ட ஏழு லட்சம் அங்கேயே தீர்ந்துவிடும். அந்தந்த மாடலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உள்ளே பெரும்பாலும் மூன்று ஆக்சிஜன் சென்சார் இருக்கும். கடலில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அதற்கு வயசாகும், வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். சோடா லைம் சில மணி நேரம்தான், பிறகு குப்பை. இத்தனைக்கும் மேலே, மெஷின் காலை வாரினால் தப்பிக்க ஒரு சாதாரண சிலிண்டரையும் சுமக்க வேண்டும். நம்ம ஆள் கடலில் இறங்குவது வருஷத்துக்குப் பதினைந்து நாள். தேய்மானத்தைப் பதினைந்தால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். எனக்குத் தூக்கம் கெட்டது வேறு விஷயத்தில்.

சிலிண்டரில் காற்று தீர்ந்தால் இழுக்க முடியாது, உடனே தெரியும். இதில் ஆக்சிஜன் குறைந்தால் உடம்புக்குத் தெரியாது. மூச்சு முட்டுகிற உணர்வைக் கொடுப்பது முக்கியமாகக் கரியமில வாயு. அதைத்தான் மெஷின் எடுத்துவிட்டதே! முன்னறிவிப்பு இல்லாமலே மயக்கம் வந்துவிடும். ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்து, வலிப்பு வரும். அந்த வலிப்பைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். முதுகெலும்பில் அடி வாங்கியவர். 1957ல் இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்று, 1964ல் புவனேஸ்வரில் காலமானார். சோடா லைம் கைவிட்டாலோ, கரியமில வாயு சேரும். 2005ல் தென்னாப்பிரிக்காவில் 270 மீட்டர் ஆழத்தில் இறந்த டேவ் ஷா, அனுபவமுள்ள ஆள், விமான பைலட் வேறு.

ஆஸ்திரேலிய டாக்டர் ஆண்ட்ரூ ஃபாக் 2013ல் எழுதிய ஆய்வில், 1998 முதல் 2010 வரை 181 ரீபிரீதர் மரணங்கள். சாதாரண ஸ்கூபாவைவிட ஆபத்து சுமார் பத்து மடங்கு என்பது அவர் மதிப்பீடு.

"அதெல்லாம் முக்கால்வாசி மனுஷத் தப்பு மாமா" என்றான். அதனால்தானே பயப்படுகிறேன்! பேங்கில் ஒருத்தர் போட்ட வவுச்சரை இன்னொருத்தர் ஏன் பாஸ் பண்ணுகிறோம்? நேர்மையான ஆளும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தப்பு பண்ணுவான். கடலுக்கு அடியில் போடுகிறவனும் பாஸ் பண்ணுகிறவனும் அவன் ஒருத்தனே.

ஆக்சிஜன் என்ற வார்த்தையே எங்கள் ஊரில் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே 10 ராத்திரி, இங்கே ருயா அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 கோவிட் நோயாளிகள் இறந்ததாக அதிகாரிகளே சொன்னார்கள். டேங்கர் வரத் தாமதம், சில நிமிஷ இடைவெளி. சுற்றி டாக்டர்களும் நர்ஸ்களும் இருந்த இடம் அது.

இன்னொன்று. அவன் அப்பா, என் அத்தான், சங்கு குளிக்கப் போனவர். படகில் கம்ப்ரசர் ஓடும், ஹோஸைக் கடித்துக்கொண்டு இறங்குவார். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலே வந்தால் குமிழியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு இடுப்பு எலும்பு அரித்து, கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஒரு கை பிடிக்க வேண்டும்.

"அப்பா மாதிரி இல்ல மாமா, எல்லாம் கம்ப்யூட்டர்" என்கிறான். நைட்ரஜன் கணக்கு ரீபிரீதரிலும் ஒழியாது, கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனாலும் அவனுக்குக் கடல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவன் ரத்தத்தில் இருக்கிறது.

நேற்று ராத்திரி பதில் சொன்னேன். மெஷினுக்குப் பணம் இல்லை. பயிற்சிக்கு மட்டும் நான் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம். வாடகை மெஷினில், வாத்தியாரோடு, ஒரு வருஷம் இறங்கட்டும். அடுத்த வருஷமும் ஆசை இருந்தால் சென்சார் மாற்றிய தேதி எழுதிய நோட்டோடு வா, மனுவை மறுபடி பார்க்கிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?" என்றான்.

இன்னும் சொல்லவில்லை.