சைக்கிள் குழுக்களின் ஆண்டு ஜூனில் தொடங்கட்டும்

சென்னையில் பேட்டைக்கு ஒரு சைக்கிள் குழு இருக்கிறது என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இவர்களைப் பார்க்கலாம். புத்தாண்டு பிறந்ததும் இந்தக் குழுக்கள் கூடி இலக்கு வகுப்பது வழக்கம். இத்தனை கிலோமீட்டர் ஓட்டுவது, இத்தனை பேரைப் புதிதாகச் சேர்ப்பது, ஜூன் 3 உலக மிதிவண்டி நாளன்று ஒரு பேரணி, மாநகராட்சிக்கு ஒரு மனு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஆண்டு முடிவில் தெருவில் என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

குழுக்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ‘நாலு பேர் மகிழ்ச்சியாக ஓட்டினாலே போதும், பார்ப்பவர்களும் வருவார்கள்’ என்பது ஒன்று. ‘தனிப் பாதை இல்லாமல் யாரும் வரமாட்டார்கள், முதலில் கொள்கைக்குப் போராடுவோம்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆள் சேராமல் குரல் எழாது. பயம் தீராமல் ஆள் சேராது. கொள்கை மட்டுமே போதாது என்பதற்கும் நம் ஊரே சான்று. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென 2014இலேயே கொள்கை வகுத்த மாநகராட்சி நம்முடையது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்து நல்ல எழுத்துதான். தெருவுக்கு வந்தால்தான் சிக்கல்.

அதிகாரிகள் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரே சாலையின் அடியில் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் போகின்றன. மேலே பேருந்து, ஆட்டோ, தள்ளுவண்டி. சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் ஒதுக்கினால் அந்த இரண்டு மீட்டர் யாரிடமிருந்தாவதுதான் வர வேண்டும். ‘கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் யார் வருவார்?’ என்று கடைக்காரர் கேட்பதும் வயிற்றுப்பாட்டுக் கேள்வி. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் திறக்கப்படுவதற்கு முன் இதே கவலை பேசப்பட்டது. இன்று அங்கே மாலையில் கால் வைக்க இடமில்லை. அதற்காக எல்லாத் தெருவும் பாண்டி பஜார் ஆகிவிடாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஏற்கெனவே ஓட்டுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம் என்பது நம் கருத்து. இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி, கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி, இவர்கள் யாரும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது; இத்தனை ஆண்டுகளில் வந்த சைக்கிள்களுக்குத் தெரு தயாரா என்று நாம் கேட்டதே குறைவு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது வைத்த இலக்கு எளிமையானது, கண்ணுக்குத் தெரிவது. மாவட்ட நிர்வாகமும் தொண்டர்களும் கிராமத்துப் பெண்களும் ஒன்றாக நின்றதால் அது நடந்தது.

எனவே ஆண்டுக் கணக்கை ஜனவரியில் வைக்காமல் ஜூனில் வைக்கலாம். பள்ளி திறக்கும் மாதம் அது. முதல் வாரத்திலேயே ஒரு பள்ளியைத் தேர்ந்து, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை வாசலில் எத்தனை சைக்கிள் வருகிறது என்று எண்ணி எழுதிவைத்தால் போதும். கோபன்ஹேகன் நகரம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சைக்கிள் கணக்கு வெளியிடுகிறது. எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் பயமின்றி ஓட்டுகிறார்கள் என்றும் கேட்கிறது. பள்ளி வாசலில் நாமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம். பிள்ளைகள் எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் அங்கே ஒரு மழைநீர் வடிகால் மூடி இருக்கும். அதன் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். கம்பிகள் குறுக்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. மூடியை மாற்றத் தனிப் பாதைக்கு ஆகும் செலவு ஆகாது, யாருடைய இடமும் பறிபோவதில்லை, கடைக்காரரும் மறுக்கமாட்டார். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படிப்பட்ட மூடிகளைப் படம் எடுத்து, தெருப் பெயரும் கதவு எண்ணும் குறித்து, வார்டு உறுப்பினரிடம் கொடுப்பது ஒரு குழு ஓராண்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை.

மனுவுக்கும் பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் பொறியாளர்கள் இரவும் பகலும் வெள்ளத்தோடு இருப்பார்கள். அப்போது சைக்கிள் பாதை பற்றிப் பேசப் போனால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முன்பே, செப்டம்பருக்குள், பட்டியல் போய்ச் சேர வேண்டும். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருவதால், பணம் தேவைப்படும் கோரிக்கையை மழை ஓய்ந்ததும் நினைவூட்டலாம். ஞாயிறு சவாரிக்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. எந்தத் தெருவில் எந்த மூடி மாறியது, எது மாறவில்லை என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

இடம் கேட்கும் கோரிக்கைகளை இரண்டாம் ஆண்டுக்கு வைக்கலாம். அதற்குள் கடைத்தெரு சங்கத்தாரையும் ஆட்டோ நிறுத்தத்தாரையும் ஒருமுறையாவது குழுக் கூட்டத்துக்கு அழைத்திருக்க வேண்டும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை பள்ளித் தெருவின் ஒரு ஓரத்தில் வண்டி நிறுத்தாமல் இருக்க முடியுமா என்று அவர்களிடம் கேட்கலாம்; பெரும்பாலான கடைகள் அந்த நேரத்தில் ஷட்டரே தூக்கியிருக்காது.