செவிக்குக் கதவில்லை

உல்லாசப் பயணக் கப்பல்களைப் பற்றி எழுதப் புகுவோர் அவற்றின் பருமனையும் பகட்டையுமே பெரிதும் எழுதுவர். எழுதுவதற்கு அங்கே பொருளும் உண்டு. 2024 ஆம் ஆண்டு சனவரியிற் கன்னிப் பயணம் புறப்பட்ட ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ என்னுங் கப்பலின் மொத்தத் தொன்னளவு ஏறத்தாழ 2,48,600. அதில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் தங்கலாம். அவர்களுக்குப் பணிபுரிவோர் மட்டும் ஏறத்தாழ 2,350 பேர். ஒரு சிறு பட்டினமே கடலில் மிதந்து செல்கிறது எனலாம். நமது கொழும்புத் துறைமுகத்துக்கும் இவ்வினத்துக் கப்பல்கள் வந்து போவதுண்டு. ஆயின், இவ்வகைக் கப்பல்களிற் பயணஞ் செய்து மீள்வோர் பலர் அலுப்போடு எடுத்துரைக்கும் ஒரு செய்தியைக் கம்பனிகளின் விளம்பர ஏடுகளிற் காண இயலாது. எங்கே சென்றாலும் இசை, எப்பொழுது சென்றாலும் அதே இசை என்பதே அச்செய்தி.

மின்தூக்கியில் ஏறினால் ஒரு பாட்டு. நடைகூடத்தில் அதன் எச்சம். உணவு மண்டபத்தில் இன்னொன்று. நீச்சற் குளத்தருகே முரசதிர்வு. திறந்த மேற்றளத்துக்கு வந்து கடலைப் பார்த்துக் கொண்டு நிற்கலாமென்றால், அங்கும் தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி. நேற்று இதே வேளையில் ஒலித்த பாட்டு இன்றும் ஒலிக்கிறது, நாளையும் ஒலிக்கும். இதனைச் செல்வர்களின் சிறு முணுமுணுப்பு என்று சிலர் தள்ளிவிடக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஒருவன் கேளாதிருப்பதற்கு உரிமை உடையவனா என்ற கேள்வி இதனுள் இருக்கிறது. பணம் கொடுத்து வந்த பயணியைவிட, பணம் பெறுவதற்காக அங்கே நிற்கும் தொழிலாளியை இக்கேள்வி மிகுதியாகப் பற்றுகிறது.

கப்பலில் இசை புதிதன்று. 1912 ஆம் ஆண்டு ஏப்பிரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் வாலஸ் ஹார்ட்லி என்பாரின் தலைமையில் எட்டு இசைக் கலைஞர்கள் இருந்தனர். எண்மரும் கடலில் மாண்டனர். அவர்களுடைய இறுதி வேளையைப் பாடாத நாடில்லை. அவர்களுடைய நாளாந்த வேலையைப் பற்றியோ அதிகம் பேசப்படுவதில்லை. அக்கப்பலை நடத்திய கம்பனியின் இசைப் புத்தகத்தில் 352 உருப்படிகள் எண்ணிடப்பட்டிருந்தன. பயணி எண்ணைச் சொன்னால் வாசிப்பவர் அதனை வாசித்தல் வேண்டும். கூலி குறைந்த கடும் பணிதான். ஆயினும் வாசித்தவர் மனிதர். அவர் கை ஓயும். அப்பொழுது மண்டபமும் ஓயும். எதிரில் இருப்போரின் முகம் பார்த்து விரைவைக் குறைப்பார். நேற்று வாசித்ததை இன்று சற்றே வேறுபடுத்தி வாசிப்பார். இசைக்கும் ஓய்வுக்கும் இடையே இயல்பாகவே ஓர் ஒப்பந்தம் இருந்தது.

அந்த ஒப்பந்தத்தை முறித்தது கம்பி. அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவிலே மேஜர் ஜெனரலாக இருந்த ஜோர்ஜ் ஓவன் ஸ்குவயர் என்பவர், கம்பி வழியே இசையை இல்லங்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பும் முறையை வணிகமாக்க வழிசெய்தார். 1934 இல் அத்தொழிலுக்கு ‘மியூசாக்’ என்னும் பெயர் வந்தது. ‘மியூசிக்’ என்பதையும் ‘கொடாக்’ என்பதையும் ஒட்டவைத்துச் செய்த சொல் அது. இசையும் ஒரு பெட்டிச் சரக்கு என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. பின்னர் இவ்விசை தொழிற்சாலைகளினுள் நுழைந்தது. சோர்வு மிகும் வேளைகளில் துடிப்பான இசை வருமாறு கால்மணி நேரக் கூறுகளாக அதனை வகுத்தனர். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கால்மணி நேர இசைக்குப் பின் கால்மணி நேர மௌனம் என்பதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தொழிலாளியின் கையை விரைவுபடுத்துவதற்கென்றே இசை விற்ற வணிகர்கூட, இடையறாத ஒலி மனத்தை மரக்கச் செய்யும் என்பதை அறிந்திருந்தனர். இன்றைய கப்பல்களின் மேற்றளங்களில் அந்தக் கால்மணி நேரந்தானும் கிடைப்பது அரிது.

வணிகருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். 1982 ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் றொனால்ட் மில்லிமன் ஒரு பேரங்காடியிற் செய்த ஆய்வை வெளியிட்டார். மெதுவான இசை ஒலித்த நாட்களில் வாடிக்கையாளர் மெதுவாக நடந்தனர். விரைவான இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை ஏறத்தாழ 38 வீதம் மிகுந்திருந்தது. கேட்பவன் தான் கேட்பதை உணராமலே கால் தளர்கிறான், கை பையைத் திறக்கிறது. இசையின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவ்வாற்றல் எதற்குப் பயன்படுகிறது என்பதே கவலைக்குரியது.

மேலும், அங்காடிக்கு ஏற்ற அளவு கப்பலுக்கு ஏற்காது. அங்காடிக்கு வருபவன் அரைமணி நேரத்தில் வெளியேறுவான். மூன்று மணி நேரப் பாட்டுத் தொகுதி அவனுக்குத் தாராளம். ஒரு பாட்டையும் அவன் இருமுறை கேட்கமாட்டான். கப்பலிற் சென்றவனோ கடல் நடுவே இருக்கிறான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மணி நேரத் தொகுதி நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஒலிப்பதாக வைத்துக் கொண்டால், ஒவ்வொரு பாட்டும் நாளுக்கு ஐந்து முறை வரும். ஏழு நாட் பயணத்தில் அது 35 முறை. பயணி எல்லாவற்றையும் கேட்கப் போவதில்லை. அறைக்குச் சென்று கதவைச் சாத்தலாம். எட்டாம் நாள் வீடு திரும்பிவிடலாம். நீச்சற் குளத்தருகே குளிர்பானம் பரிமாறும் இளைஞன் எங்கே செல்வான்? அவனுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு மாதம் தொடக்கம் ஒன்பது மாதம் வரை. நாளிற் பத்து மணி நேரம் அங்கே நிற்பவன், எட்டு மாதத்தில் ஒரே பாட்டை எண்ணூறு முறை கேட்டிருப்பான்.

முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இத்தகைய கப்பலொன்றிற் பரிசாரகராக இருந்தார். விடுமுறையில் வந்தவரிடம் இதுபற்றி விசாரித்தேன். பாட்டுக்களை அவர் வெறுக்கவில்லை. “சேர், அவை எனக்குப் பாட்டில்லை, மணிக்கூடு” என்றார். இன்ன பாட்டு வந்தால் மேசை துடைக்க வேண்டும், இன்ன பாட்டு வந்தால் அடுத்த அணியினர் வந்து பொறுப்பேற்பர் என்று அவருக்குப் பழகிவிட்டது. ஊரிலே ஒரு கடையில் அப்பாட்டுக்களுள் ஒன்று கேட்டபோது, தம்மையறியாமலே கை துணியைத் தேடியதாம். சிரித்துக் கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல குரலுடைய பிள்ளை அவர். பாடசாலை விழாக்களிற் பாடியவர். இப்பொழுது வீட்டில் வானொலியைத் திறக்க விடுவதில்லை என்று தாயார் கூறினார்.

கப்பற் பணியாளரைக் காக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. 2006 ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கை, இருபத்துநான்கு மணி நேரத்திற் குறைந்தது பத்து மணி நேர ஓய்வை வற்புறுத்துகிறது. கப்பல்களின் இரைச்சல் அளவுக்கு வரம்பிடும் சர்வதேச விதித்தொகுப்பு 2014 இலிருந்து புதிய கப்பல்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அவ்விதிகள் ஒலியின் உரப்பை அளக்கின்றன. திரும்பத் திரும்ப வருவதை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. மெல்லிய ஒலியே ஆயினும், ஆயிரம் முறை வந்தால் அது பாரமாகிவிடும்.

நீதிமன்றத்திலும் இவ்வழக்கு ஏறியதுண்டு. வாஷிங்டன் நகரத்துப் போக்குவரத்துக் கம்பனியொன்று தன் வண்டிகளில் ஒலிபெருக்கி வைத்து இசையும் விளம்பரமும் ஒலிக்கச் செய்தது. பயணிகள் இருவர் வழக்கிட்டனர். 1952 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பனியின் செயல் அரசியலமைப்புக்கு மாறானதன்று எனப் பெரும்பான்மையாற் றீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ் உடன்படவில்லை. வண்டியேறியவன் கேட்டே தீரவேண்டிய நிலையிலுள்ளவன், அவனைத் தன்பாட்டில் இருக்கவிடுவதே சுதந்திரத்தின் தொடக்கம் என்ற கருத்தில் அவர் நின்றார். நீதியரசர் பிராங்க்பேர்ட்டரோ வழக்கிலிருந்து விலகிக் கொண்டார். அவ்விசைக்குத் தாமும் ஆளாகி நொந்தவராதலால் நடுநிலை தவறக்கூடும் என்பதே அவர் கூறிய காரணம். வண்டிப் பயணம் அரைமணி நேரம். அதற்கே நீதியரசர் ஒருவரால் நடுநிலை காக்க இயலவில்லையெனில், எட்டு மாதம் கடலில் நிற்பவனைப் பற்றி என்ன சொல்வது? 1969 இல் யுனெஸ்கோவைச் சார்ந்த சர்வதேச இசைப் பேரவை, பொதுவிடங்களில் இசையைத் திணிப்பது மனிதனின் மௌன உரிமையை மீறுவதெனத் தீர்மானித்தது. தீர்மானித்தவர்கள் இசைவாணர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, மறுப்புரைகளையும் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும்.

திரும்பக் கூறுதல் இசையின் உயிர்நிலை அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். உண்மையே. நம் பாடகர் பல்லவியைப் பன்முறை எடுக்கிறார்; நிரவலில் ஓரடியையே சுற்றிச் சுற்றி வருகிறார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் புதிதாக ஒன்றைத் தேடுகிறார். நாமும் உடன் தேடுகிறோம். எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசைமேதை ‘வெக்சேசன்ஸ்’ என்ற சிற்றுருப்படியை 840 முறை வாசிப்பது பற்றி அதன் ஏட்டிலே குறித்து வைத்தார். 1963 இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜ் முதலானோர் மாறி மாறி அமர்ந்து, பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாக அதனை வாசித்தே முடித்தனர். அங்கே சென்றவர் விரும்பிச் சென்றனர்; வேண்டாதபோது எழுந்து போயினர். விரும்பி ஏற்ற மீட்சி தவமாகலாம். விலக வழியற்ற மீட்சி தண்டனையாகிறது.

அதே சாட்டி, 1920 இல் பாரிசிலே ஓர் ஓவியக் கூடத்தில் ‘தளபாட இசை’ என ஒன்றை அரங்கேற்றினார். நாற்காலி மேசை போல் அது இருக்கட்டும், எவரும் கேட்க வேண்டியதில்லை என்பது திட்டம். இடைவேளையில் அது ஒலிக்கத் தொடங்கியதும் வந்திருந்தோர் பேச்சை நிறுத்தி அமர்ந்து கேட்கலாயினர். பேசுங்கள், நடவுங்கள், கேளாதீர்கள் என்று சாட்டி வேண்டியும் பயனில்லை. இந்நிகழ்ச்சி எனக்கு நகைச்சுவையாக மட்டும் தோன்றவில்லை. இசை வந்தால் மனிதன் கேட்கிறான். அது அவன் இயல்பு. கேளாதிருக்க அவனைப் பழக்கிய பெருமை பின்வந்த ஒலிபெருக்கிக்கே உரியது.

மௌனத்தை அஞ்சுவோரும் உண்டு, பலர் இசையை விரும்புகின்றனர், இயந்திர இரைச்சலை அது மறைக்கிறது என்பர். விரும்புவோருக்கு மண்டபங்கள் இருக்கட்டும். என் வாதம் இசைக்கு எதிரானதன்று. புகலிடம் இல்லாமைக்கு எதிரானது. கடலுயிர்க் காப்பு விதிகளிலேயே ஓர் அரிய பாடம் உண்டு. கப்பலின் பொது அபாய அறிவிப்பு எழுந்தவுடன் பொழுதுபோக்கு ஒலியமைப்புக்கள் தாமாகவே நின்றுவிட வேண்டும் என்பது விதி. உயிர்காக்கும் செய்தி செவியிற் புகவேண்டுமாயின் முதலில் மௌனம் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக் கொள்கிறது. அபாயச் செய்திக்கு வேண்டிய மௌனம், அலையோசைக்கு வேண்டாமா? அருகிருக்கும் மனைவியின் சொல்லுக்கு வேண்டாமா? ஒருவனுடைய சொந்த நினைவுக்கு வேண்டாமா?

தமிழ் படித்த நமக்கு இக்கருத்துப் புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து யாழையும் சேர்த்தெண்ணினார். நெய்தல் நிலத்துக்குச் செவ்வழிப் பண்ணையும் எற்பாட்டு வேளையையும் உரியவாக்கினர் நம் முன்னோர். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்து ஓதினர். இன்ன பாட்டுக்கு இன்ன நிலமும் பொழுதும் என்ற அவ்வுணர்வின் மறுபக்கம், ஏனைய பொழுதுகளில் அப்பாட்டு வாய்மூடி இருக்கும் என்பதே. உல்லாசக் கப்பலோ அலாஸ்காவின் பனிமலைக்கு எதிரிலும், கரிபியன் தீவின் வெயிலிலும் ஒரே தொகுதியை ஒலிக்கச் செய்ய வல்லது. கடலைக் காணப் பணம் வாங்கிக் கொண்டு, கடலின் குரலை மூடிவிடுகிறது. அலையும் திரும்பத் திரும்ப வருவதுதான். எனினும் ஓரலை மற்றோரலை போல் இராது. அதனாலன்றோ கரையில் நாள்முழுதும் இருந்தாலும் அது சலிப்பதில்லை.

செய்யத்தக்கவை அரியனவல்ல. மேற்றளங்களில் ஒன்றையேனும் ஒலிபெருக்கி இல்லாத தளமாக விடலாம். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் ஒலியை நிறுத்தலாம். பாட்டுத் தொகுதியை வகுப்போர், பயணியின் ஏழு நாட்களை எண்ணாது பணியாளனின் எட்டு மாதங்களை எண்ணி வகுக்கலாம். பெட்டிக்குப் பதிலாக, வாசித்து ஓயும் மனிதர் சிலரை மீண்டும் அமர்த்தலாம். பிரித்தானியாவில் ‘பைப்டவுன்’ என்ற இயக்கம் 1992 இலிருந்து இத்தகைய கோரிக்கைகளை எழுப்பி வருகிறது. 2016 இல் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் அந்நாட்டிலுள்ள தன் கடைகளில் இசையை நிறுத்த முடிவு செய்தது. கடைக்காரரால் இயலுமாயின் கப்பற்காரராலும் இயலும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. பாடவும் வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கேட்கக் கற்பிப்பது குறைவு. பாட்டு முடிந்தபின் சற்றே பேசாதிருக்கக் கற்பிப்பது அதனினும் குறைவு. அவ்வமைதியின் சுவையை ஒருமுறை அறிந்த பிள்ளை, நாளை கப்பலை நடத்துபவனானாலும் சரி, அதிலே தட்டேந்தி நிற்பவனானாலும் சரி, அதனைத் தனக்கும் கேட்பான். பிறருக்கும் விட்டுக் கொடுப்பான்.