மவுஸைத் தொடாதேன்னா எப்படி?

நம்ம கம்ப்யூட்டர் லேபில் "செட்டிங்ஸை மாற்றாதே" என்று தாள் ஒட்டியிருக்கிறது. வால்பேப்பருக்கு அது சரி. மவுஸுக்கும் அதே சட்டமா? நான் ஒத்துக்க மாட்டேன்.

நம் வகுப்பில் இடதுகைக்காரர்கள் 3 பேர். அவர்கள் மவுஸை இடப்பக்கம் வைத்துக்கொண்டால், ஆள்காட்டி விரல் வலது பட்டன் மேல் இருக்கும். ஒவ்வொரு க்ளிக்கும் நடுவிரலால்தான். பாதிப் பேர் வெறுத்துப்போய் வலது கையிலேயே தடுமாறுகிறார்கள். இத்தனைக்கும் விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் போய் மவுஸைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே இரண்டு பட்டனையும் இடம் மாற்ற ஒரு கட்டம் இருக்கு. ஒரே ஒரு டிக்! (எங்கல்பார்ட் குழுவினர் 1964-இல் மரத்தில் செய்த முதல் மவுஸில் ஒரே பட்டன்தான். அப்போ இந்தச் சண்டையே இல்லை.)

டபுள் க்ளிக் வேகத்தையும் அங்கேயே குறைக்கலாம். அம்புக்குறி எங்கேன்னு தேடுபவர்களுக்கு, கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அதைச் சுற்றி வட்டம் காட்டும் வசதியும் உண்டு.

"அடுத்து உட்கார்றவன் திண்டாடுவானே" என்று சார் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த மாற்றங்கள் அந்தந்த யூசர் பெயரோடுதான் சேமிக்கப்படும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைவதால்தான் தகராறு. 'இடதுகை' என்று இன்னொரு யூசர் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

சார், பாஸ்வேர்டை மட்டும் நீங்க போடுங்க. மற்றதை சாப்பாட்டு பெல்லில் நாங்க பாத்துக்கறோம்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு