வட்டத்துக்கு ஒரு வசனம்



முன்பள்ளிப் பிள்ளைக்கு 'வட்டம்' என்ற சொல்லைப் படிப்பிக்க நாம் என்ன செய்கிறோம்? கரும்பலகையில் ஒரு வட்டம் கீறுகிறோம். "அம்மா வட்டமான தோசை சுடுகிறா. அப்பா வட்டமான கேக் வாங்கி வருகிறார்" என்று வசனமும் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளையின் மனதில் சொல் பதிந்துவிடும். கூடவே, சமைப்பது அம்மா, உழைத்து வாங்கி வருவது அப்பா என்பதும் பதிந்துவிடும். சமூகவியலில் இதைச் சமூகமயமாக்கல் என்பார்கள். யாரும் புத்தி சொல்லாமலே நடந்துவிடுகிற படிப்பு இது.

நான் வேலைக்காகப் போய்வரும் வாவிக்கரைக் கிராமங்களில் இந்த வசனங்கள் பொருந்தாத வீடுகள் பல. சில வீடுகளில் அம்மா மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்கிறா. பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா. 2004 சுனாமியும் 2009 வரை நீடித்த யுத்தமும் எத்தனையோ பெண்களைத் தனியாகக் குடும்பம் நடத்த வைத்தன. அப்படியான வீட்டுப் பிள்ளை அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லும்போது, தன் வீட்டில் ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளாதா?

ஆகவே பிள்ளையின் வீட்டிலிருந்தே வசனத்தை எடுப்போம்.

"அம்மம்மா அப்பம் சுட்டு விற்கிறா. அப்பம் வட்டம்."
"அக்கா சைக்கிளுக்குக் காற்றடிக்கிறா. சைக்கிளுக்கு வட்டமான சில்லு."
"மாமா வீச்சுவலை எறிகிறார். வலை வட்டமாக விரிந்து விழுகிறது."

வட்டம், வட்டமான, வட்டமாக என்ற மூன்றும் இதிலேயே வந்துவிடுகின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பந்தையும் தேசிக்காயையும் பிள்ளைகள் வட்டம் என்பார்கள். அவை உருண்டை. தேசிக்காயைக் குறுக்காக வெட்டி, வெட்டிய முகத்தைக் காட்டுங்கள். அதுதான் வட்டம். பிறகு மணலில் ஒரு தடியை நட்டு, அதில் கயிறு கட்டி, மறுநுனியில் குச்சியைப் பிடித்து இழுத்தபடி சுற்றி வரச் சொல்லுங்கள். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்பதைப் பிள்ளை தன் காலால் நடந்தே அறிந்துகொள்ளும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நமது கூத்தாடும் வட்டக்களரியைச் சொல்லலாம். முன்பு அதில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பின்னர் பெண்களும் களரியேறி ஆடினார்கள். "அக்கா வட்டக்களரியில் கூத்தாடுகிறா" என்று இன்று ஒரு சிறுமி தயங்காமல் வசனம் அமைக்கலாம்.

கடைசி வசனத்தைப் பிள்ளையே சொல்லட்டும். வடிவம் பிழைத்தால் திருத்துங்கள். வீட்டில் யார் என்ன செய்கிறார் என்று பிள்ளை சொல்வதை மாத்திரம் திருத்த வேண்டாம். அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை.

அடுத்த மாதம் 'சதுரம்' பார்ப்போம். உங்கள் பிள்ளைகள் சொன்ன வசனங்களை எழுதி அனுப்புங்கள்.